சுகாதாரச் சுவரொட்டி: மதுரை வட்டாரம்

சுகாதாரச் சுவரொட்டி என்பது நோய்த்தடுப்பு, குடும்ப நலம், தூய்மை முதலியவற்றைப் படமும் எழுத்தும் சேர்த்துப் பொதுவிடத்தில் அறிவிக்கும் அச்சுத்தாள் ஆகும். பல பொருள் தரக்கூடிய படத்தை அதனுடன் உள்ள வாசகம் ஒரு பொருளில் நிறுத்துவதைப் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் 'நங்கூரமிடுதல்' என்று குறித்தார். வேண்டாம் என்பதையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் படம் தனித்து உணர்த்துவது அரிதாகையால், சுகாதாரச் செய்தியில் இந்த நங்கூரம் மிக இன்றியமையாதது.

திரைப்படம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் சுவரொட்டி ஒட்டும் மதுரையில், எழுத்தறியாதவரும் முகத்தின் அளவையும் நிறத்தையும் கொண்டு செய்தியை ஊகிக்கப் பழகியிருந்தனர். 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய சிவகாசி, அதன் லேபிள்களை அச்சிடத் தொடங்கிப் பின்னர் நாட்காட்டி, சுவரொட்டி அச்சுக்கும் பெயர்பெற்றதால், பளிச்சென்ற வண்ணப் படங்கள் இவ்வட்டாரச் சிற்றூர்களின் வீட்டுச் சுவர் வரை சென்று சேர்ந்தன.

1952இல் இந்திய அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு, 1960களில் தலைகீழான சிவப்பு முக்கோணம் சின்னமாயிற்று; அதைப் பரப்பியதில் அத்திட்ட அதிகாரி தீப் தியாகியின் பங்கு பெரிது. முக்கோணத்துக்கும் கருத்தடைக்கும் இயல்பான தொடர்பு எதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் 1968இல் அறிமுகமான நிரோத் ஆணுறைப் பொட்டலத்திலும் திரும்பத் திரும்பக் கண்டதனாலேயே அது பொருள் பெற்றது. அதனருகில் வரையப்பட்ட தாய், தந்தை, மகன், மகள் ஆகிய நால்வரின் சிரித்த முகங்களோ, வாசகம் இல்லாவிடில் வெறும் குடும்பப் படமே. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற தொடர்தான் அந்த மகிழ்ச்சிக்கு எல்லை வகுத்து, அதை அரசின் அறிவுரையாக மாற்றியது.

பெரியம்மை ஒழிப்புப் பணியாளர், தாம் கொண்டுசென்ற நோய் அறியும் அட்டையில் கொப்புளங்கள் நிறைந்த குழந்தையின் படத்தைக் காட்டி இத்தகைய நோயாளியைக் கண்டதுண்டா என்று வாயால் கேட்டனர்; அங்கே பேச்சே வாசகமாயிற்று. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் அறிவிப்புகளில் நாள், இடம், 'இலவசம்' என்ற சொல் ஆகியவற்றுடன் முகாமை நடத்தும் உள்ளூர் அமைப்பின் பெயரும் முதன்மை பெறுகிறது. அறிந்த பெயர் தரும் நம்பிக்கையைப் படம் தந்துவிட முடியாது.

2000களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் காணப்பட்ட 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம், யார் அந்தப் புள்ளிராஜா என்று சொல்லாமல் கேள்வியை மட்டும் முன்வைத்து, திரைப்பட விளம்பரம் போல ஆவலைத் தூண்டியது. கவனத்தை ஈர்த்ததில் அதற்கு இணையானவை குறைவு. ஆனால் பெயர் விரைவிலேயே கேலிச் சொல்லாகி, கேட்கப்பட்ட கேள்வியை மறைத்துவிட்டது.

சுவரொட்டியின் கிளையான புகையிலைப் பொட்டலப் பட எச்சரிக்கை இந்தியாவில் 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. புகையில்லாப் புகையிலைப் பொட்டலங்களில் அப்போது தேள் படம் இடம்பெற்றது. தீப்பெட்டி, பீடிக் கட்டு ஆகியவற்றில் விலங்குருவைப் பண்டத்தின் பெயராகவே பார்த்துப் பழகிய வட்டாரத்தில், தேளும் ஒரு வணிகச் சின்னமாகத் தோன்ற இடமுண்டு என்பதால் அது பொருத்தமற்ற தேர்வு. 2011 டிசம்பர் முதல் வாய்ப்புற்றுநோயின் ஒளிப்படங்கள் அதன் இடத்தைப் பெற்றன. 2016இல் எச்சரிக்கையின் பரப்பு பொட்டலத்தின் முதன்மைப் பக்கங்களில் 85 விழுக்காடாக உயர்ந்தது.

டெங்கு தடுப்புச் சுவரொட்டிகளில் பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டி என்று கொல்லைப்புறத்துப் பொருள்களே படமாகின்றன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், நீர்க்கலங்களை 'வாரம் ஒருமுறை' தேய்த்துக் கழுவ வேண்டும் என்ற கட்டளையைச் சுவரொட்டியின் வாசகம் சுமக்கிறது.