இறுகிப்போன மரையின் வரலாறு

ஒருவருக்குப் புத்தி தடுமாறினா 'மரை கழண்டுட்டுது' என்கிறோம். அமிர்தகழி மாதிரி வாவியோரத்து ஊர்களில உண்மையான கரைச்சல், மரை கழராததுதான். உப்புக்காத்துப் பட்ட பழைய சைக்கிள் ஒன்றைப் பாருங்க. இரண்டு பெடலையும் இணைக்கிற அச்சு ஓடும் குழாயின் இடப்பக்கத்தில ஓர் இரும்பு வளையம் இருக்கும். துருப்பிடிச்சா அசையவே அசையாது. அதுக்குள்ள ஒரு வரலாறும் இறுகிக் கிடக்கு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பட்டறைகள் ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி மரை வெட்டின. ஒரு பட்டறையின் ஆணி மற்றதின் சுரைக்குப் பொருந்தாது. 1841இல் ஜோசப் விற்வேர்த் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றின் உதிரிப்பாகத்தை மற்றது பாவிக்க முடியாமல் அந்தரப்பட்டன. கடைசியில் 1948 நவம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே வருசம்தான். ஆனா எங்கட வீட்டுத் தண்ணிக்குழாய்களில இன்னும் விற்வேர்த்தின் 55 பாகைதான் ஓடுது.

சைக்கிளிலயும் இதே இழுபறி. பிரித்தானிய சைக்கிள்கள் பலவற்றில் அந்த வளையத்துக்கு அங்குலத்துக்கு 24 மரை. நொட்டிங்ஹாமின் றலி நிறுவனமோ தன்ர பல சைக்கிள்களுக்கு 26 வெட்டியது. அதனால வளையத்தை உடைச்சுப்போட்டு, கடையில வேற வாங்கலாம் என்று நம்பேலாது. பழுதாக்காமக் கழட்டத்தான் வேணும்.

முதல்ல திசையைப் பாருங்க. இடப்பக்க வளையம் இடஞ்சுழியாகக் கழரும். வலப்பக்கக் கிண்ணமும் இடது பெடலும் எதிர்மாறு. துருவைத் தேய்ச்சுப்போட்டு, கொதிதண்ணியில நனைச்ச துணியை வளையத்தில சுத்துங்க. வெளிவளையம் கொஞ்சம் விரிஞ்சு துருவின் பிடி தளரும். ஆறினதும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்க. அதுக்குப் பிறகு நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீங்க. காலையில மரக்கட்டையால சுற்றிவரத் தட்டி, வளையத்தின் பள்ளத்தில பொருந்துற சாவியைப் போட்டுத் திருப்புங்க. குறட்டால நெரிச்சுப் பிடிச்சா வட்டம் நெளிஞ்சு இன்னும் இறுகும். திரும்பப் பூட்டும்போது கிறீஸ் பூச மறக்காதீங்க.

2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது, மூலையில கிடந்த சைக்கிள்கள் திரும்ப றோட்டுக்கு வந்தன. அவற்றை ஓடவைத்தவர்கள் சைக்கிள் திருத்துற ஐயாமார். விற்வேர்த்தின் பெயர் புத்தகங்களில இருக்கு. எந்த வளையம் எந்தப் பக்கம் கழரும் என்கிற அறிவு இவங்களின் கையில இருக்கு. அதையும் கேட்டு எழுதிவைக்கிறதுதான் எங்கட தலைமுறையின் வேலை.