வண்டிக்கா, ஆளுக்கா?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம், வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு வந்திருக்கிறீர்கள். கூடவே அம்மா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதால் வீல் சேர் இல்லாமல் அவரால் நகர முடியாது. ஒயிட் டவுன் தெருக்களில் இடம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் பார்க்கிங்கில் காரை விடுகிறீர்கள். டோக்கனில் நேரம் அடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. அதைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் அடுத்த மணி நேரத்துக்கும் காசு.

டிக்கியைத் திறந்து, வீல் சேரை இறக்கி, விரிக்க 5 நிமிடம். பக்கத்து வண்டி ஒட்டி நிற்பதால் கதவு முழுசாகத் திறக்கவில்லை. காரை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட இன்னொரு 5. அம்மாவைத் தாங்கிப் பிடித்து உட்காரவைக்க 5. திரும்பி வரும்போது இதே 15. ஆக மொத்தம் 30 நிமிடம். இன்னும் ஒரு இட்லிகூடச் சாப்பிடவில்லை, அரை மணி நேரக் காசு போயாச்சு.

பக்கத்து காரிலிருந்து குதித்து இறங்கினாரே ஓர் இளைஞர், அவருக்கு 60 நிமிடம் என்றால் 60 நிமிடம். உங்கள் அம்மாவுக்கு அதில் பாதிதான். காசு மட்டும் முழுசு.

கேட்டுப் பாருங்கள். "எல்லாருக்கும் ஒரே ரேட்தான் சார்" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், இந்த ஒற்றை வாக்கியத்தோடு மல்லுக்கட்டித்தான் உலகம் சுமார் நூறு வருடங்களைச் செலவழித்திருக்கிறது. கதையின் ஒரு நுனி, புதுச்சேரி கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது.

காந்தி சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு போர் நினைவுச் சின்னம் உண்டு. 1938இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்துப்போன பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. புதுச்சேரிக்காரர்கள் பேச்சில் 'சொல்தா' என்று ஒரு வார்த்தை புழங்குமே, அது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைக் குறிப்பதுதான்.

செத்தவர்களுக்குச் சின்னம் வைத்தாயிற்று. கையையும் காலையும் இழந்து உயிரோடு திரும்பியவர்களுக்கு?

பிரான்ஸில் அப்படித் திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1919 மார்ச் 31 அன்று அங்கே ஒரு சட்டம் வந்தது. போரில் ஊனமுற்றவருக்குத் தரும் ஓய்வூதியம் தருமம் அல்ல, அரசு திருப்பித் தரவேண்டிய கடன் என்றது அந்தச் சட்டம். பாரிஸ் மெட்ரோ ரயிலில் அவர்களுக்கென்று தனி இருக்கைகள் ஒதுக்கினார்கள். கார்கள் பெருகிய காலத்தில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஓர் அடையாள வில்லை கொடுத்தார்கள். போரில் ஊனமுற்றவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இன்னொன்று. முதலில் இரக்கம், பிறகு சலுகை, அதற்கப்புறம்தான் உரிமை. எல்லா தேசத்திலும் வரிசை இதுதான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆனால், அங்கே அதற்கு ஒரு முகம் இருக்கிறது. ஆல்ஃப் மோரிஸ். மான்செஸ்டரில் 1928இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, விஷவாயுவால் நுரையீரல் கெட்டுத் திரும்பியவர் அவருடைய அப்பா. ஆல்ஃபுக்கு ஏழு வயதாகும்போது அப்பா காலமானார். அந்தப் பையன் பின்னாளில் எம்.பி. ஆனான். தனிநபர் மசோதா கொண்டுவர 1969இல் நடந்த குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. கிடைத்த வாய்ப்பை மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமாக்கினார். 1970 மே மாதம் அது நிறைவேறியது.

அதன் 21ஆவது பிரிவுதான் நம் கதைக்கு முக்கியம். வண்டியில் வைக்கும் வில்லையைப் பற்றிய பிரிவு. மாற்றுத்திறனாளி ஓட்டும் வண்டிக்கு மட்டுமல்ல, அவர் வெறும் பயணியாக உட்கார்ந்து வரும் வண்டிக்கும் வில்லை தரலாம் என்றது அது.

சின்ன விஷயமாகத் தெரிகிறதா? இல்லை. பார்க்கிங் என்பது அதுவரை வண்டிக்கும் இடத்துக்கும் நடுவே நடக்கிற வியாபாரம். முதல் முறையாக உள்ளே உட்கார்ந்திருப்பவரை எட்டிப் பார்த்தது சட்டம். ஓட்டுபவர் ஓட்டப்பந்தய வீரராகவே இருக்கட்டும், கூட வருபவருக்கு நடக்க முடியாது என்றால் உரிமை உண்டு. உரிமை வண்டியோடு ஒட்டிக்கொள்வதில்லை, ஆளோடு பயணம் செய்கிறது. 1971இல் ஆரஞ்சு நிறத்தில் வந்த அந்த வில்லை, 2000இல் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான நீல அட்டையாக மாறியது.

எல்லாம் சரி. ஆனால், ஓர் ஓட்டை இருந்தது. அந்த வில்லை செல்லுபடியாவது அரசாங்கச் சாலையில்தான். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்க மைதானத்தில்? தனியார் மருத்துவமனை வளாகத்தில்? அங்கே ராஜா, இடத்தின் சொந்தக்காரர். அவர் வைத்ததுதான் போர்டு.

இங்கிலாந்தில் தனியார் பார்க்கிங் கம்பெனிகள் இதைப் பெரிய தொழிலாகவே வளர்த்துக்கொண்டன. காரின் சக்கரத்தைப் பூட்டிப் பணம் பறிப்பது 2012இல் தடை செய்யப்பட்டது. ஆனால், அதே சட்டம் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் உரிமையாளரிடமே வசூலிக்கலாம். கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும். வீட்டுக்குக் கடிதம் வரும். வந்தது யார், ஏன் தாமதம் என்பதெல்லாம் கேமராவுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அவ்வளவுதான்.

இதை எதிர்த்து ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். பாரி பீவிஸ். மீனும் சிப்ஸும் விற்கும் கடைக்காரர். 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்ட் நகரில் 2 மணி நேர இலவசப் பார்க்கிங்கில் வண்டியை விட்டு, 56 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டார். 85 பவுண்ட் கட்டச் சொன்னது பார்க்கிங்ஐ என்ற கம்பெனி. அவருடைய வழக்கு மாற்றுத்திறன் பற்றியதல்ல. கேட்டது வேறு கேள்வி. கம்பெனிக்குக் காலணா நஷ்டமில்லாதபோது 85 பவுண்ட் எதற்கு?

பி.காம். படித்தவர்களுக்கு மெர்கன்டைல் லா பாடத்தில் டன்லப் டயர் கம்பெனி வழக்கு ஞாபகம் இருக்கலாம். ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டத்துக்கு நியாயமான ஈடு கேட்கலாம், மிரட்டுவதற்காக அபராதம் போடக்கூடாது என்பது 1914இல் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம். நூறு வருடத்துக்கும் சற்று அதிகமான காலம் கழித்து, 2015 நவம்பரில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பீவிஸ் வழக்கில் அதைத் திருத்தி எழுதியது. எல்லாருக்கும் இடம் கிடைக்க வேண்டுமென்றால் வந்தவர் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அதற்காக 85 பவுண்ட் விதிப்பது தவறில்லை என்றார்கள். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பெனி பக்கம்.

ஏழாமவர் டோல்சன் பிரபு. அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சூழ்நிலையைப் பார்த்து விட்டுக்கொடுக்க இந்தக் கட்டணத்தில் இடமே இல்லையே, சற்றுநேர அவகாசம்கூட இல்லையே என்று கேட்டார். நம் வீல் சேர் அம்மாவின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

பீவிஸ் தோற்றார். அதனால் எல்லாருமே தோற்றார்கள் என்று அர்த்தமில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, சேவை தருகிறவர் தனியாராக இருந்தாலும், மாற்றுத்திறனாளிக்காகத் தன் விதிகளை நியாயமான அளவுக்கு வளைத்துக் கொடுக்க வேண்டும். போர்டில் 2 மணி நேரம் என்று இருக்கட்டும், இவருக்குக் கூடுதல் நேரம் ஏன் தரவில்லை? இப்படிக் கேட்பதுதான் அங்கே இத்தகைய கடிதங்களுக்கான வலுவான பதில். கெஞ்சல் அல்ல, சட்டம்.

பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. 2015 மார்ச் 18 அன்று வந்த சட்டம், பொதுமக்களுக்கான பார்க்கிங் இடங்கள் எல்லாவற்றையும் அட்டை வைத்திருப்பவருக்கோ அவரை அழைத்து வருபவருக்கோ இலவசமாக்கியது. விதிவிலக்கு உண்டு. தடுப்புக் கதவு வைத்த பார்க்கிங்கில், மாற்றுத்திறனாளி வண்டியில் இருந்தபடியே பயன்படுத்துகிற மாதிரி இயந்திரம் இருந்தால் காசு வாங்கலாம்.

இப்போது புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சு குடியுரிமையே போதும் என்று முடிவெடுத்த குடும்பங்கள் உண்டு. அக்கா பாரிஸில், தங்கை முத்தியால்பேட்டையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே மூட்டுவலி, ஒரே வீல் சேர். அக்காவை மகன் கூட்டிப்போனால் சாலையோரப் பார்க்கிங் இலவசம். தங்கையை மகன் கூட்டிப்போனால்?

இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவில் சட்டம் கிடையாது என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சட்டம் இருக்கிறது. 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் 'பொதுக் கட்டடம்' என்றே சொல்கிறது. நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. கட்டட விதிகளும் தெளிவானவை. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு கார்களுக்குத் தனி இடம், ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் அகலம். சாதாரண இடத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் அதிகம். வீல் சேரை விரிப்பதற்கான மீட்டர் அது.

தனியாரைக் கேள்வி கேட்க முடியுமா? முடியும். பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷை 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டது ஒரு தனியார் விமான நிறுவனம். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்றது.

பார்க்கிங் கட்டணத்தின் கதை தனி. மால்கள் பார்க்கிங்குக்குக் காசு வாங்க உரிமை இல்லை என்றது குஜராத் உயர் நீதிமன்றம், 2019இல். முறையான உரிமம் இருந்தால் வாங்கலாம் என்பது கொச்சி லுலு மால் வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் நிலை. ஆக, காசு வாங்கலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். ஆனால், வாங்குகிறவர் பாகுபாடு காட்டலாமா என்ற கேள்விக்கு நாடு முழுக்க ஒரே பதில்தான். நம் ஊரில் இந்த இரண்டு கதைகளையும் தனித்தனியாகவே படிக்கிறோம். சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, வாசலில் நிற்கும்போது என்ன செய்வது? சண்டை வேண்டாம். டிக்கெட் கிழிக்கும் பையன் சட்டம் இயற்றியவன் இல்லை. கட்டண போர்டைப் படமெடுங்கள். வண்டி நின்ற இடத்தின் அகலம் தெரிகிற மாதிரி இன்னொரு படம். டோக்கனையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். காசு கட்டித்தான் வெளியே வர முடியும் என்றால், ரசீதில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

அப்புறம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், நேரக் கணக்கு, 2016 சட்டத்தின் பெயர். கூடுதலாகப் பிடித்தது அபராதம் என்றால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவையும் சேருங்கள். எழுதி வைத்த தொகை எவ்வளவாக இருந்தாலும், அதற்குள் நியாயமான ஈடு மட்டுமே கேட்கலாம் என்கிறது அது. பதில் வராவிட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் புகார் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

கடிதத்தில் ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். 'தயவுசெய்து'. அந்த இடத்தில் அம்மாவின் பெயரை எழுதுங்கள். காருக்கு நீங்கள் உரிமையாளராக இருக்கலாம். அந்தக் கூடுதல் நேரத்துக்கு உரிமையாளர் அவர்தான்.