சுவத்துல ஓட்டை போட்ட கதை



இந்த வாரம் சினிமா இல்லை, அரசியல் இல்லை. மொக்கை மட்டும் வழக்கம்போல உண்டு. பொட்டி தட்டுற வேலை பார்த்தாலும் கையில பிடிச்சு ஓட்டுற மெஷின்கள் மேல எனக்கு ஒரு தனி மோகம். ஜிக்-சா, ஆங்கிள் கிரைண்டர், சாண்டர்னு ஒவ்வொண்ணா வாங்கி பரண்மேல அடுக்கி வச்சிருக்கேன். தங்கமணி அந்தப் பரணுக்கு 'காயலான் கடை'ன்னு பேரே வச்சுட்டாங்க. அத்தனையிலும் எதுக்கு முதல் மரியாதைன்னு கேட்டா, யோசிக்காம ட்ரில்லிங் மெஷின்னு சொல்லிடுவேன். இன்னிக்கு அதோட சரித்திரத்தைத்தான் துளைக்கப் போறோம்.

'இதைக் கண்டுபிடிச்சது யாரு?'ன்னு கேட்டீங்கன்னா மூணு ஊர்க்காரங்க கையைத் தூக்குவாங்க. மெல்போர்ன், ஸ்டுட்கார்ட், பால்டிமோர். மூணு பேர் சொல்றதும் உண்மைதான். ஆனா படிக்கப் படிக்க எனக்குத் தோணினது வேற. ட்ரில் தொழிற்சாலையை விட்டு வீட்டுக்குள்ள வந்ததுக்கு முக்கியக் காரணமானவங்க பேர் எந்தப் பேட்டன்ட்லயும் கிடையாது. அவங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்தி வரணும், பொறுத்துக்குங்க.

துளை போடறது மனுஷனுக்குப் புதுசு இல்லை. தமிழ்லயே தமரூசி, துரப்பணம்னு பழைய வார்த்தைகள் இருக்கு. வில்லோட கயிறை ஒரு கம்புல சுத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தா கம்பு சுழலும், முனையில இருக்கிற ஊசி மரத்தைக் குடையும். உலகம் பூரா தச்சர்கள் இப்படித்தான் பல ஆயிரம் வருஷம் ஓட்டினாங்க. இதுல ஒரு கை அழுத்தணும், இன்னொரு கை சுத்தணும். சுத்தற வேலையை மின்சாரத்துக்கிட்ட விட்டுட்டா? அங்கதான் கதை ஆரம்பம்.

ஸ்காட்லாந்துல பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போன ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட்ங்கிற மின் பொறியாளரும், வில்லியம் பிளான்ச் பிரெய்ன்ங்கிறவரும் சேர்ந்து 1889 ஆகஸ்ட்ல மெல்போர்ன்ல மின்சார ட்ரில்லுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அவங்க மனசுல இருந்தது சுவரும் இல்லை, பலகையும் இல்லை. பாறையும் நிலக்கரியும்தான். சுரங்க வேலைக்கான சமாச்சாரம், ஒரு ஆள் தோள்ல மாட்டிட்டுப் போய் அலமாரி மாட்டற கதை இல்லை. ஆர்னாட் பிற்பாடு மெல்போர்ன் மாநகராட்சியில மின் பொறியாளரா இருந்து ஊருக்கு வெளிச்சம் கொடுத்தார். ட்ரில்லை விட அந்த வேலைக்குத்தான் அங்க அவருக்குப் பேரு.

அடுத்து ஜெர்மனி. ஸ்டுட்கார்ட்ல ஃபைன்னு ஒரு கம்பெனி. வில்ஹெல்ம் எமில் ஃபைன் 1867ல ஆரம்பிச்சது. 1895ல இவங்கதான் கையில பிடிச்சு ஓட்டற முதல் மின்சார ட்ரில்லைக் கொண்டு வந்தாங்க. 'கையில பிடிச்சு'ங்கிறதை ரொம்ப நம்பிடாதீங்க. எடை ஏழரைக் கிலோ! (ஏழரைன்னாலே நமக்குத் தெரியுமே, யாரு தோள்மேல உட்கார்ந்தாலும் கஷ்டம்தான்.) ரெண்டு பக்கமும் ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு, பின்னாடி இருக்கிற தகட்டை நெஞ்சுல முட்டுக்கொடுத்து, உடம்போட எடையைப் போட்டுத் தள்ளணும்.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கையும் மெஷின்ல மாட்டிக்கிச்சு. ஊசி இரும்புல சிக்கிடுச்சுன்னா மோட்டார் நிக்காது, மெஷின்தான் சுத்தும், கூட நீங்களும் சுத்துவீங்க. ஆஃப் பண்ணணும்னா ஒரு கையை எடுக்கணும். கையை எடுத்தா பிடி போச்சு. காலேஜ் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்ல ட்ரில் பிட் சிக்கி வைஸ்ல இருந்து ஜாப் பிடுங்கிட்டுப் பறக்கிறதைப் பார்த்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

இப்ப மூணாவது ஊர். 1910ல பால்டிமோர்ல டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர்னு ரெண்டு நண்பர்கள் ஒரு சின்ன மெஷின் ஷாப் ஆரம்பிக்கிறாங்க. முதலீடு 1,200 டாலர். பிளாக் தன்னோட காரை 600 டாலருக்கு வித்தார், டெக்கர் இன்னொரு 600 டாலர் கடன் வாங்கினார். ஆரம்பத்துல அடுத்தவங்களுக்குத்தான் மெஷின் செஞ்சு கொடுத்தாங்க. பால் பாட்டிலுக்கு மூடி, சாக்லேட் முக்கி எடுக்கறதுன்னு கிடைச்ச ஆர்டர் எல்லாம். நம்ம பாஷையில சொல்லணும்னா முதல்ல சர்வீஸ் கம்பெனி, அப்புறம்தான் புராடக்ட் கம்பெனி :-)

அவங்க மேஜைமேல இருந்த ஒரு கோல்ட் கைத்துப்பாக்கியைப் பார்த்துத்தான் யோசனை வந்துச்சுன்னு கம்பெனி சொல்ற கதை. துப்பாக்கிப் பிடி, அதுல விரலுக்கு எட்டற இடத்துல விசை. 1914ல விண்ணப்பிச்சு 1917ல காப்புரிமை கிடைச்சது. சும்மா பார்த்தா இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். மோட்டார் ஏற்கெனவே இருக்கு, ட்ரில் ஏற்கெனவே இருக்கு, துப்பாக்கி எப்பவோ இருக்கு. ஆனா அந்த விசைதான் எல்லாத்தையும் மாத்திச்சு. பிடிக்கிற கையே ஆன் பண்ணும், அதே கையே ஆஃப் பண்ணும். பயந்து விரலை எடுத்தா மெஷின் நின்னுடும். அந்த நேரத்துல மனுஷன் இயல்பா செய்யறதும் அதைத்தான். இதை விட நல்ல யூசர் இன்டர்ஃபேஸ் நான் இதுவரைக்கும் டிசைன் பண்ணினது இல்லை.

இதுல யாரும் அதிகம் பேசாத இன்னொரு சமாச்சாரம், உள்ளே இருந்த மோட்டார். அப்ப அமெரிக்காவுல ஒரு தெருவுல ஏ.சி. கரன்ட், இன்னொரு தெருவுல டி.சி. கரன்ட். இந்த ட்ரில்லுல போட்டது யுனிவர்சல் மோட்டார். ஃபீல்டு சுருளும் ஆர்மேச்சர் சுருளும் ஒரே வரிசையில இருக்கிறதால, கரன்ட் திசை மாறும்போது ரெண்டோட காந்தமும் சேர்ந்தே மாறிடும். சுத்தற திசை மட்டும் மாறாது. அதனால ரெண்டு கரன்ட்லயும் ஓடும். சின்ன சைஸ்ல நல்ல வேகம், ஆரம்பிக்கும்போதே நல்ல முறுக்கு. இன்னிக்கும் நம்ம வீட்டு ஒயர் வச்ச ட்ரில், மிக்ஸி ரெண்டுலயும் பொதுவா இதே மோட்டார்தான். பின்பக்க இடுக்கு வழியா நீலமா பொறி தெரியுதே, அது கார்பன் பிரஷ் உரசறது.

சரி, மேட்டருக்கு வருவோம். இவ்வளவு நடந்தும் ட்ரில் ஒரு தொழிற்சாலைக் கருவியாத்தான் இருந்துச்சு. கார் கம்பெனி வாங்கும், கப்பல் கட்டறவன் வாங்குவான். வீட்ல இருக்கிறவனுக்கு இது எதுக்குன்னு விற்கிறவங்களே நினைச்சாங்க.

அப்ப ரெண்டாம் உலகப் போர் வருது. விமானமும் ஆயுதமும் செய்யற தொழிற்சாலைகளுக்கு ட்ரில்லுங்க குவியல் குவியலாப் போகுது. போனதுல கொஞ்சம் காணாமப் போகுது! தொழிலாளிங்க சத்தமில்லாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. விக்கறதுக்கு இல்லை. வீட்ல அலமாரி மாட்ட, கதவு சரி பண்ண.

இதைக் கேள்விப்பட்டதும் எந்த மேனேஜரா இருந்தாலும் வாசல்ல செக்யூரிட்டியைப் போட்டுப் பையைச் சோதிக்கச் சொல்லியிருப்பார். டெக்கரோட மகன் அலோன்சோ டெக்கர் ஜூனியர் அதை வேற மாதிரி படிச்சார். ஒருத்தன் வேலைக்கே ஆபத்து வரும்னு தெரிஞ்சும் ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டு போறான்னா, வீட்ல அதுக்குத் தேவை இருக்குன்னு அர்த்தம். நம்ம தொழில்ல சொல்வோமே, யூசர் விசித்திரமா ஒண்ணு பண்ணினா அது பக் இல்லை, எழுதப்படாத ரெக்வயர்மென்ட்னு. அதேதான். 1946ல வீட்டுக்காரங்களுக்குன்னே கால் இஞ்ச் ட்ரில், விலை குறைச்சலா, சந்தைக்கு வந்துச்சு. 1951க்குள்ள பத்து லட்சம் ட்ரில் போயாச்சு.

இது கம்பெனி தன்னைப் பத்தித் தானே சொல்ற கதைதான், அதனால கொஞ்சம் உப்பு குறைச்சே சாப்பிடணும். ஆனா அஞ்சு வருஷத்துல பத்து லட்சம்ங்கிறது கதை இல்லை. அந்தத் தேவை முன்னாடியே இருந்திருக்கு. அதை முதல்ல கண்டுபிடிச்சது சாப்பாட்டுக் கூடையில ட்ரில்லை ஒளிச்சு எடுத்துட்டுப் போன எவனோ ஒருத்தன், இல்ல ஒருத்தி. அவங்க பேரு யாருக்கும் தெரியாது. வீட்டு ட்ரில்லைக் கண்டுபிடிச்சவங்கன்னு நான் அவங்களைத்தான் சொல்வேன். திருட்டை நியாயப்படுத்தறியான்னு பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க, ப்ளீஸ்.

இங்க நமக்கு ஒரு சந்தேகம் வரணும். அந்தக் கால் இஞ்ச் ட்ரில்லை 1946ல நம்ம ஊருக்குக் கொண்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. அமெரிக்காவுல பெரும்பாலான வீடு மரச்சட்டம். ஸ்டீல் பிட் வெண்ணெயில போற மாதிரி போகும். நம்ம வீடு செங்கல், கான்க்ரீட். ஸ்டீல் பிட்டை வச்சு அழுத்தினா ஒரு நிமிஷத்துல முனை மழுங்கி, புகை வந்து, சுவர் சிரிக்கும். நம்ம சுவருக்கு வேற மூணு விஷயம் சேரணும்.

ஒண்ணு, முனை. ஜெர்மனியில க்ரூப் கம்பெனி 1920கள்ல டங்ஸ்டன் கார்பைடை 'விடியா'ன்னு பேர் வச்சு வித்தாங்க. ஜெர்மன்ல 'வைரம் மாதிரி'ங்கிறதோட சுருக்கம். மேசனரி பிட் நுனியில குறுக்கா ஒரு சின்னத் துண்டு பதிச்சிருக்கே, அதேதான்.

ரெண்டு, சுத்தியல். கான்க்ரீட்டைச் சீவ முடியாது, இடிச்சுப் பொடியாக்கித்தான் வெளியே எடுக்கணும். 1932ல பாஷ் கம்பெனி சுத்திக்கிட்டே இடிக்கிற மெஷினைக் கொண்டு வந்தாங்க. உள்ளே பிஸ்டன் ஓடி, நடுவுல இருக்கிற காத்தை அழுத்தி, அந்தக் காத்து சுத்தியலைத் தள்ளும். நம்ம கடையில சாதாரணமாக் கிடைக்கிற இம்பாக்ட் ட்ரில் இது இல்லை. அதுல ரெண்டு பல்சக்கரம் ஒண்ணுமேல ஒண்ணு தடதடன்னு உரசும், அவ்வளவுதான். செங்கல்லுக்கு அது போதும். கான்க்ரீட் பீம்ல போய் அரை மணி நேரம் தொங்கினா தோள்பட்டைதான் கழண்டு வரும். பீம்ல ஓட்டை போடணும்னா ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்க, அழுத்தவே வேண்டாம், தானா இறங்கும். அப்படியே முகத்துக்கு மாஸ்க்கும் போடுங்க. வர்ற தூசியில சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. நாம வருஷத்துக்கு ரெண்டு ஓட்டை போடறவங்க. ஏ.சி. மாட்ட வர்ற தம்பி தினம் இருபது போடறார், மூக்குல ஒரு கர்ச்சீப்பு கூட இல்லாம. அவருக்கும் ஒண்ணு கொடுங்க.

மூணு, அடைப்பு. ஓட்டை போட்டா போதுமா, ஸ்க்ரூ நிக்கணுமே. முன்னாடி சுவத்தை உளியால குடைஞ்சு மரக்கட்டையை அடிச்சு இறக்குவாங்க, பழைய வீட்ல ஸ்விட்ச் போர்டைக் கழட்டினா இன்னும் பார்க்கலாம். லண்டன்ல ஜான் ராலிங்ஸ்ங்கிறவருக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல மின்சாதனங்கள் பொருத்தற வேலை வந்துச்சு. சுவத்தைப் பாழாக்காம செய்யணும். 1911ல அவர் சணல் நாரை மிருக ரத்தத்துல ஒட்டி ஒரு குழாய் மாதிரி செஞ்சார். ஸ்க்ரூ உள்ளே போகப் போக அது விரிஞ்சு சுவத்தைக் கவ்விக்கும். நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன் 'நாலு ராவல் பிளக் வாங்கிட்டு வாங்க சார்'னு சொல்றாரே, அந்த ராவல் இந்த ராலிங்ஸோட பேர்ல பாதி! பிற்பாடு 1958ல ஜெர்மனியில ஆர்டர் ஃபிஷர் அதையே பிளாஸ்டிக்ல செஞ்சார். அவர் பேர்ல ஆயிரத்துக்கும் மேல காப்புரிமை இருக்கு.

கடைசியா, கார்ட்லெஸ். 'நாசாதான் கண்டுபிடிச்சது'ன்னு அடிக்கடி ஃபார்வர்டு வருது. இல்லைங்க. பிளாக் அண்ட் டெக்கர் பேட்டரி ட்ரில்லை 1961லயே கடைக்குக் கொண்டு வந்துட்டாங்க. நாசா வேலை அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. நிலாவுல துளை போட ஒரு ட்ரில் வேணும்னு. அங்கேயும் நம்ம சுவர் கதைதான்: சுத்திக்கிட்டே இடிக்கிற மெஷின், நுனியில கார்பைடு.

1971ல அப்போலோ 15ல டேவிட் ஸ்காட் நிலாவோட உள்சூட்டை அளக்கற கருவிக்காக மூணு மீட்டர் துளை போடப் போனார். பாதியிலேயே சிக்கிடுச்சு. கம்பிகளை இணைக்கிற இடத்துல புரி ஆழம் கம்மி, பொடி வெளியே வர வழியில்லாம இறுகிடுச்சு. மண் மாதிரி எடுக்கப் போட்ட இன்னொரு குழாயைப் பிடுங்க ரெண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியதாச்சு, ஸ்காட்டுக்குத் தோள்ல வலியே வந்துடுச்சு. பூமியில பொறியாளர்கள் உட்கார்ந்து கம்பியைத் திருத்தினாங்க. 1972ல அப்போலோ 16ல சார்லி டியூக் அதே ட்ரில்லை வச்சார். அல்வா மாதிரி இறங்குச்சு, சூட்டுமானியும் உள்ளே போயிடுச்சு. அதுக்குள்ள பக்கத்துல நடந்துக்கிட்டு இருந்த ஜான் யங்கோட கால் ஒயர்ல தடுக்கி, ஒயர் பிடுங்கிக்கிச்சு. அந்தச் சோதனை அத்தோட சரி.