நிலந்தேர் நூலும் பாஞ்சாலங்குறிச்சியும்

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கட்டபொம்மு மரபின் முன்னோர் வேட்டையாடுங்கால், நாய்களுக்கு அஞ்சி ஓடிய முயலொன்று அந்நிலத்தை மிதித்தவுடன் திரும்பி நாய்களையே துரத்திற்றாம். மண்ணில் வீரமுண்டெனத் தெளிந்து அவர் ஆண்டுக் கோட்டை கோலினராம். இதே கதையை விசயநகரத்திற்குங் கூறுப. ஆதலின் இதனை நிகழ்ந்த செய்தியெனக் கொள்ளுதற்கில்லை. வடக்கினின்று வந்தோர் உடன்கொணர்ந்த நம்பிக்கையென்றே கருதுகின்றோம்.

நிலந்தேர்தல் நம் நாட்டில் அதனினும் பழையது. நண்பகலிற் கோல்நிழலால் திசையறிந்து, நூலிட்டு அளந்து, தெய்வம் பேணி அரண்மனை வகுத்தமையை நெடுநல்வாடையில் நக்கீரர் கூறியுள்ளார். சீனர் தம் கலையைக் காற்றும் நீரும் எனப் பொருள்படும் 'பெங்சுயி' என்பர். கி. பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பார் பெயரால் வழங்கும் அவர்தம் பழைய நூல் பிணம் அடக்குதற்கு இடந்தேர்வது. நம் நூல்களோ ஆலயத்தையும் வாழும் மனையையுமே முதற்கண் நோக்கின.

குழி தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் அதனுள் இடுக. மண் மிகின் உத்தமம், ஒப்பின் மத்திமம், குறையின் அதமம் என்பது சிற்பநூல் விதி. நீர் காணுமட்டுமாவது பாறை காணுமட்டுமாவது அகழ்க என்றும் மயமதம் விதிக்கும். இவ்விதியின் அருமை கரிசற்காட்டார்க்கு நன்கு விளங்கும். மழையிற் பருத்துக் கோடையிற் பிளக்கும் அம்மண்ணின் மேற்புறத்தே நிறுத்திய சுவர் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். சோதிடம்போல் தோன்றும் விதிகளுட் பல இங்ஙனம் கொத்தர் பட்டறிவேயாம். அனைத்தும் அன்னவென்று சொல்லோம்.

ஆலயத்திற்குரிய நிலத்தை உழுது விதைத்துத் தூய்மை செய்தலை ஆகமங்கள் கர்ஷணம் என்னும். அவ்வுழவே பகைவர் கையில் வேறாயிற்று. வென்ற ஊரைக் கழுதையேர் பூட்டிப் பாழ்செய்தமையைப் புறநானூறும் அறியும். 1799-இல் கட்டபொம்மு கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான், கோட்டை இடிக்கப்பட்டது. 1801-இல் சிறைமீண்ட ஊமைத்துரை அவ்விடத்தே மண்கோட்டையை மீண்டும் எழுப்பினான். மார்ச்சு 31-ஆம் நாள் ஆங்கிலேயர் தாக்குதலை அது முறியடித்தது. மே 24-ஆம் நாள் வீழ்ந்தது. பின்னர் அதனைத் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தனர் என்ப. ஆண்டு மீண்டும் ஒருவன் கோட்டை கோலுவான் என்னும் அச்சமே அவரை அது செய்வித்தது. முயற்கதையை நகைத்திருக்கக்கூடிய அவ்வாங்கிலேயரும் அம்மண்ணுக்கு அஞ்சினர்போலும்! தமிழக அரசு அவ்வூரில் நினைவுக் கோட்டை கட்டியது 1974-இல்.