கண்டி நகரின் கல்லும் மரமும்

மத்தியதரைக் கடல் நாடுகளின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்பவர்கள், நகருக்குள் அடியெடுத்து வைக்கும் முன்பே அவற்றின் பெருமையைக் கண்டுகொள்கின்றனர். ஏதென்ஸ் நகருக்கு மேலே குன்றின் உச்சியில் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. வெனிஸ் நகரின் மாளிகைகளோ கடல்நீரிலிருந்தே எழுந்தவை போலத் தோன்றுகின்றன. கண்டி மாநகர் அவ்வாறு தன்னைத் தொலைவிலிருந்து காட்டிக்கொள்வதில்லை. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, மலைகள் சூழ்ந்து மறைக்க, பள்ளத்தாக்கினுள்ளே அது ஒதுங்கியிருக்கிறது. வானளாவிய கோபுரம் அங்கில்லை. நகரை வளைத்து நிற்கும் கோட்டை மதிலும் இல்லை. ஓட்டுக் கூரைகளும், வெண்சுண்ணம் பூசிய சுவர்களும், அவற்றின் நிழலை ஏந்தும் ஓர் ஏரியுமே முதலில் கண்ணிற் படுகின்றன. ஆயினும் இந்நகர் 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இந்த அடக்கம் வறுமையால் வந்ததன்று, போர்முறையால் வந்தது. 1592இல் முதலாம் விமலதர்மசூரியன் அரசேறி, புத்தபிரானின் தந்த தாதுவை இங்கு கொணர்ந்து கோயில் அமைத்த நாள் தொட்டு, கரையோரங்களைக் கைப்பற்றிய ஐரோப்பியர் இந்நகரை நோக்கிப் படையெடுத்த வண்ணமே இருந்தனர். போர்த்துக்கேயர் வந்தனர், 1765இல் ஒல்லாந்தர் வந்தனர், 1803இல் ஆங்கிலேயர் வந்தனர். பகைவர் நெருங்கும்போது அரசனும் குடிகளும் நகரைக் காலிசெய்து காட்டிற்குள் மறைவர். வெறும் நகரைப் பிடித்த படை உணவின்றியும் காய்ச்சலாலும் மெலிந்த பின்னர், மலைப்பாதைகளில் மறித்துத் தாக்குவர். அத்தகைய நாட்டிற்கு மரக் கட்டடமே ஏற்றது. எரிந்து போனால் மீண்டும் எழுப்பலாம். காட்டிலே மரத்துக்குப் பஞ்சமில்லை.

1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயராகிய ரொபர்ட் நொக்ஸ், சாதாரண குடிகள் வீட்டிற்கு ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும், மாடி எழுப்பவும் உரிமையற்றிருந்ததை எழுதி வைத்துள்ளார். ஆகவே இன்று நம் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் ஓடும் வெண்சுவரும் அக்காலத்தில் அரச சின்னங்களாகவே விளங்கின.

தலதா மாளிகையின் அருகில் உள்ள மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தில் இக்கட்டடக் கலையின் இலக்கணம் முழுவதையும் காணலாம். நான்கு புறமும் சுவரில்லாத நெடிய மண்டபம் அது. செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தூணின் அடி சதுரமாகத் தொடங்கி, நடுவில் எண்பட்டையாக மாறி, மீண்டும் சதுரமாகி, உச்சியில் தாமரை மொட்டுத் தலைகீழாகத் தொங்குவது போன்ற போதிகையில் முடிகிறது. கூரைக்கு இரண்டு சரிவுகள் உண்டு. மேற்சரிவு செங்குத்தானது, மலைநாட்டுப் பெருமழை அதில் நில்லாது வழிந்தோடும். கீழ்ச்சரிவு படிந்து அகன்றது. தூண்களையும் திண்ணையையும் சாரலிலிருந்து காக்கும். அழகுக்கென்று தனியாக எதுவும் சேர்க்கப்படாமல், தேவையே அழகாகிய கட்டடம் என்று இதனைக் கூறலாம். இன்று காணப்படும் நீளம் முழுவதும் அரசர் காலத்ததன்று. ஆங்கிலேயர் பிற்காலத்தில் இதனை நீட்டினர்.

இம்மண்டபத்தை 1783ஆம் ஆண்டளவில் தொடங்கியவன் இராஜாதி இராஜசிங்கன்; நிறைவேற்றியவன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். இவ்விருவரும் நாயக்கர் மரபினர். கண்டி மன்னர் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களை அரசிகளாகக் கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தபோது, அவனுடைய அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். அன்று முதல் 1815 வரை நான்கு நாயக்க மன்னர் கண்டியை ஆண்டனர். அவர்தம் குலமொழி தெலுங்கு. எனினும் தமிழும் அரண்மனையில் வழங்கியது. மன்னரின் உறவினர் குடியிருந்த தெருவை ஆங்கிலேயர் மலபார் வீதி என்றே குறித்தனர். மலபார் என்பது அவர்கள் அந்நாளிலே தமிழரைச் சுட்டிய பெயர்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. வானளாவிய கோபுரங்களும் ஆயிரங்கால் மண்டபமும் உடைய மதுரையோடு தொடர்புடைய இம்மன்னர், எழுபத்தாறு ஆண்டுகள் அரசாண்டும் கண்டியில் ஏன் ஒரு மதுரையை எழுப்பவில்லை? தென்னாட்டுப் பாணிக் கட்டடங்கள் இப்பகுதியில் இல்லாமலில்லை. அவை இருக்குமிடம் வேறு. அவற்றைக் கட்டுவித்தவரும் வேறு.

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வீதியில் பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவையில் இடப்புறம் திரும்பினால், கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்னும் மூன்று கோயில்களையும் ஒரே பகற்பொழுதிற் கண்டு திரும்பலாம். தலதா மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவோர் பலர். அவர்கள் கண்டியிற் பாதியைத்தான் கண்டவராவர்.

கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில், கம்பளையை ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்தது. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி தேரர். கட்டிய சிற்பாசாரி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைச் சாசனம் கூறுகின்றது. கருவறையும் முன்மண்டபமும் கருங்கல்லால் ஆனவை. தூண்களில் ஆடல் மகளிர் உருவங்கள் உள்ளன. உள்ளே வீற்றிருப்பவர் புத்தர். பக்கத்திலே திருமாலுக்கும் ஒரு சந்நிதி உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களைக் கண்டு பழகியவர், பாதணிகளைக் கழற்றிவிட்டு அம்மண்டபத்தில் ஏறும்போது, புதிய இடத்திற்கு வந்த உணர்வே பெறமாட்டார்.

அதற்குச் சிறிது தொலைவில், பன்ஹல்கல என்னும் பாறையின்மேல் லங்காதிலக விகாரை நிமிர்ந்து நிற்கின்றது. இதுவும் 1344ஆம் ஆண்டினதே. சேனாலங்காதிகார என்னும் அமைச்சன் எடுப்பித்தது. சிற்பி ஸ்தபதி ராயர். பெரிதும் செங்கல்லாலான இக்கட்டடத்தின் மேல்மாடிகள் காலப்போக்கில் அழிந்தன. நடுவே புத்தர் படிமமும், சுற்றுச் சுவரின் மாடங்களில் கணபதி, கந்தன், விபீடணன் முதலிய தெய்வங்களும் உள்ளனர். பாறையில் வெட்டப்பட்ட சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் அமைந்துள்ளது. சிங்கள மன்னனின் ஆட்சியில், சிங்கள அமைச்சனொருவன் எடுப்பித்த பௌத்த விகாரைக்கு வழங்கிய நிலங்களின் விவரத்தைத் தமிழிலும் எழுதுவது அந்நாளிலே இயல்பாக இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

மூன்றாவதாகிய எம்பெக்க தேவாலயம், மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கு அமைந்தது. கல்லைவிட்டு மரத்துக்கு மாறும் இடம் இது. மேளமடிக்கும் மண்டபத்தின் தூண் ஒவ்வொன்றிலும் சதுரக் கட்டங்கள் அமைத்துச் சிற்பங்கள் செதுக்கியுள்ளனர். இருதலைப் பறவை, மல்லர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், குதிரை வீரன், அன்னங்கள் பின்னிய முடிச்சு என அவை விரிகின்றன. இவற்றைச் செய்த தச்சன் தெல்மட மூலாசாரி என்பது மரபு. ஆனால் சிற்பங்களை மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது; மண்டபத்தின் மறுகோடியில் நின்று மேலே நோக்கவேண்டும். கூரையின் இருபத்தாறு கைமரங்கள் மூன்று திசைகளிலிருந்தும் வந்து ஓரிடத்திற் கூடுகின்றன. அவற்றை ஒன்றாகப் பிணைத்து நிறுத்துவது மதொல் குருப்பாவ எனப்படும் ஒரே ஒரு மர ஆணி.

கணேஸ்வராச்சாரி, தெல்மட மூலாசாரி என்னும் பெயர்களின் ஈற்றை நோக்கினால், கல்லையும் மரத்தையும் கையாண்டவருக்கு வழங்கிய பட்டம் கடலின் இரு கரையிலும் ஒன்றே என்பது புலனாகும். நகரின் உள்ளேயும் இதற்குச் சான்றுண்டு. தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள நாத தேவாலயம் கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது, 14ஆம் நூற்றாண்டினது, தென்னாட்டுப் பாணியிற் கல்லால் அமைந்தது. அதன் அயலிலே பத்தினி தேவாலயம் இருக்கின்றது. அங்கு வழிபடப்படும் பத்தினி, சிலப்பதிகாரத்தின் கண்ணகியே.

எனவே தென்னாட்டுக் கலை இங்கு வந்தது சிங்கள மன்னர் காலத்தில். தென்னாட்டு மன்னர் வந்தபோதோ, சிங்கள மலைநாட்டு மரக்கலையே தழைத்தது. முன்னவர் தம் அரசில் உறுதியுடையவர். அயலாரின் சிற்பியை அழைப்பதில் அவர்களுக்கு அச்சமில்லை. பின்னவரோ அயலாராகவே எண்ணப்பட்டவர். நாட்டின் மரபைவிட்டு ஓர் அடி விலகினும் அது குற்றமாகிவிடும். 1760இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் கொல்லத் தலைவர் சிலர் சதி செய்தபோது, அவன் திருநீறு அணிவதும் அவன்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்றாயிற்று. அம்மன்னனோ, 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போன உபசம்பதா என்னும் குருப்பட்டத்தை மீண்டும் நிலைநாட்டத் துணைநின்றவன். சதிக்குப் பின்னரும் அவன் திருப்பணி ஓயவில்லை. லங்காதிலகவில் இன்று காணப்படும் ஓவியங்கள் அவன் காலத்தவை. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ குகை விகாரையும் அவன் தொடங்கியதே. தேவரகம்பொல சில்வத்தென்ன முதலிய ஓவியர் தீட்டிய வெசந்தர சாதகக் கதையை அங்கு செந்நிறப் பின்னணியில், சுவர் நெடுகிலும், ஒரு நீண்ட ஊர்வலம் போலக் காணலாம்.

இம்மரபை மீறி, கண்டிக்குத் தனியொரு முகத்தை அளிக்க முனைந்தவன் இறுதி மன்னனே. கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய அவன், 1798இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என முடிசூடினான். தேவேந்திர மூலாசாரி என்னும் கலைஞன் அவனுக்கு வாய்த்தான். மாளிகையின் முன்னே பத்திரிப்பு எனப்படும் எண்கோண மண்டபம் எழுந்தது. அகழியின் ஓரத்தே அலைபோல் வளைந்து செல்லும் வெண்சுவர் எழுந்தது. ஏரிக்கரையிலே வளாக்குலு பம்ம என்னும் முகிற்சுவர் எழுந்தது. அச்சுவர்களின் சிறு மாடங்களில் விளக்கேற்றினால், ஒளி நீரிலும் இரட்டித்துத் தோன்றும். வயலாக இருந்த தாழ்நிலம் 1807 முதல் 1812 வரை நடந்த வேலையினால் ஏரியாயிற்று. இன்று கண்டியின் அஞ்சலட்டைகளிற் காணப்படுவன யாவும் பெரும்பாலும் இந்தச் சில ஆண்டுகளின் விளைவே.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. இவ்வேலைகள் கூலிக்கு நடந்தவையல்ல; நிலம் பெற்ற குடிகள் அரசனுக்குச் செய்யவேண்டிய இராஜகாரிய ஊழியத்தினால் நடந்தவை. வயலையும் அறுவடையையும் விட்டுவந்து மண் சுமந்த மக்கள் வெறுப்புற்றனர். அழகுக்காக இத்தனை உழைப்பா எனத் தலைவர்களும் முணுமுணுத்தனர். 1814இல் எகலப்பொல அதிகாரம் ஆங்கிலேயரிடம் சென்று சேர்ந்தான். மன்னன் அவன் மனைவி மக்களைக் கொல்வித்தான். அக்கொடுமையை எந்த ஏரியின் அழகும் மறைக்கவியலாது. 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரவில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள், அவன் முடித்துவைத்த அதே மகுல் மடுவவில், நாட்டை ஆங்கிலேய முடிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ஒப்பமிட்ட கண்டித் தலைவர் சிலரின் கையொப்பங்களில் தமிழ், கிரந்த எழுத்துகள் காணப்படுகின்றன. அயலானென்று அரசனை அகற்றியவர்களும் அவனுடைய எழுத்திலேயே ஒப்பமிட்டது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. மன்னன் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30ஆம் நாள் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதியிருக்கும் இடத்தில் 1990இல் முத்துமண்டபம் அமைக்கப்பட்டது.

பின்னர் வந்தோர் இந்நகரைத் தத்தம் தேவைக்குப் பயன்படுத்தினர். அரண்மனையில் ஆங்கிலேய அதிகாரிகள் குடியேறினர். ஏரி நடுவிலுள்ள தீவின் மாளிகை வெடிமருந்துக் களஞ்சியமாயிற்று. தேவாலயங்களின் அயலிலே புனித பவுல் ஆலயம் செங்கல்லில் எழுந்தது. பத்திரிப்பு ஏட்டுச்சுவடி நூலகமாயிற்று. சுதந்திரத்தின் பின்னர் நாட்டுத் தலைவர்கள் அங்கு நின்று மக்களுக்கு உரையாற்றும் வழக்கமும் ஏற்பட்டது.

1998 ஜனவரி 25ஆம் நாள் விடுதலைப் புலிகளின் குண்டுத் தாக்குதலில் பலர் உயிரிழந்தனர். மாளிகையின் முகப்பும் கூரையும் பெரிதும் சிதைந்தன. மரபுவழிச் சிற்பிகளும் தச்சரும் பல மாதங்கள் உழைத்து 1999இல் அவற்றை மீட்டெடுத்தனர். வெடிப்பில் சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடங்களில், பிற்காலப் பூச்சுக்களின் அடியில் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. உட்புகும் வாயிற் சுவர்களை நிதானமாகப் பார்ப்பவர்க்குப் புதிய கல்லும் பழைய கல்லும் இன்னும் நிறத்தால் வேறுபட்டுத் தெரியும். வெளியே வந்து ஏரிக்கரையில் நடந்தால், முகிற்சுவர் கரை முழுவதையும் சுற்றி வராமல் இடையிலேயே நின்றுவிடுவதைக் காணலாம். அவ்விடத்திற்கு அப்பால் மன்னனுக்குக் காலம் கிடைக்கவில்லை.