விமானக் கம்பெனிகளின் இணைப்பும் விமானிகளின் பணிமூப்பும்



இரண்டு அரசுகள் ஒன்றாயின, இரண்டு மாகாணங்கள் ஒன்றாயின என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். இணைப்பு என்னும் சொல் செவிக்கு இனியது. ஆயினும், இணைந்த பிறகு யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்னும் வினா எழாமற் போவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விமானக் கம்பெனிகள் இணைந்தபோது இவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு எவ்வாறு விடை தேடப்பட்டது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சிறப்பாக, தொழிற்சங்க ஒப்பந்தம் ஏதுமில்லாத விமானிக்குக் காப்பு யாது என்பதே நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் பணிமூப்பு என்றால் என்னவென்று தெளிந்துகொள்வோம். ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள் இருப்பதாகவும், ஒருநாள் அவை ஒன்றாக்கப்பட்டதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் இருபது ஆண்டு உழைத்த ஆசிரியரும் மற்றொன்றில் ஐந்தாண்டு உழைத்த ஆசிரியரும் ஒரே பட்டியலில் வரவேண்டும். ஆசிரியப் பணியில் இத்தகைய பட்டியல்களை நானும் தயாரித்ததுண்டு. ஒரு வரி மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் ஒருவர் வாழ்வில் எத்துணை மாறுதல் செய்யும் என்பதை அப்போது கண்டிருக்கிறேன். விமானியின் நிலையோ இன்னும் கடுமையானது. அவர் எந்த விமானத்தை ஓட்டுவார், தலைமை விமானியாக அமர்வாரா, துணை விமானியாக அமர்வாரா, எந்த ஊரில் குடியிருப்பார், எந்நாளில் விடுமுறை பெறுவார் என்பனவெல்லாம் பணிமூப்பைப் பொறுத்தவை. ஆட்குறைப்பு நேரும்போது கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும். ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போனால், எத்துணை அனுபவம் பெற்றிருப்பினும் பட்டியலின் அடியிலிருந்தே தொடங்கவேண்டும். ஆகவே, பணிமூப்பு என்பது விமானி தம் வாழ்நாளைக் கொடுத்துச் சேர்த்த செல்வம் எனலாம்.

இச்செல்வத்தைக் காக்கும் எண்ணம் முதலில் தோன்றியது விமானத் துறையில் அன்று, ரயில்வேயில்தான். 1926-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ரயில்வே தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1931-இல் டேவிட் பென்கே என்னும் விமானி விமானிகளுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 1936-இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில் ரயில்வே கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் வாஷிங்டன் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ரயில்வேக்கள் தம் பணிகளை ஒன்றிணைப்பதால் வேலை இழந்தவருக்கு அவருடைய ஊதியத்தில் 60 விழுக்காட்டை, பணிக்காலத்திற்கேற்ப ஐந்தாண்டு வரையில் அளிக்கவேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டது. இணைப்பினால் முதலாளிக்கு ஆதாயம் வருமாயின், அதற்குரிய துன்பத்தைத் தொழிலாளி மட்டும் சுமப்பது நீதியன்று என்பதே இதன் உட்கருத்து.

விமானத் துறையில் அக்காலத்தில் சிவில் விமானப் போக்குவரத்து வாரியம் என்னும் அரசாங்க அமைப்பு ஆட்சி செலுத்தியது. அதன் இசைவின்றி இரண்டு கம்பெனிகள் இணைய இயலாது. வாரியம் இசைவளிக்கும்போது தொழிலாளர் காப்புக்கான நிபந்தனைகளையும் சேர்த்து விதிப்பது வழக்கமாயிற்று. 1972-இல் அலெகேனி என்னும் கம்பெனி மோஹாக் என்னும் கம்பெனியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. மோஹாக் அதற்குச் சற்று முன்னர்தான் விமானிகளின் நீண்ட வேலைநிறுத்தத்தால் நலிந்திருந்தது. அவ்விணைப்பின்போது வாரியம் விதித்த நிபந்தனைகளே பிற்கால இணைப்புகளுக்கும் மாதிரியாக அமைந்தன. அவற்றுள் இரண்டை நினைவிற் கொள்ளுங்கள். மூன்றாம் பிரிவு, இரு கம்பெனிகளின் பணிமூப்புப் பட்டியல்களும் நியாயமாகவும் நேர்மையாகவும் ஒன்றிணைக்கப்பட வேண்டும் என்றது. பதின்மூன்றாம் பிரிவு, உடன்பாடு ஏற்படாவிடில் நடுவர் ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்கலாம் என்றது. தேசிய சமரச வாரியம் ஏழு பெயர்களைத் தரும். அவற்றிலிருந்து நடுவர் தேர்ந்தெடுக்கப்படுவார்.

இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1978-இல் விமானத் துறையின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1984-ஆம் ஆண்டின் இறுதியில் வாரியமே கலைக்கப்பட்டது. இணைப்புகளுக்கு இசைவளிக்கும் பொறுப்பை அதன்பின் சில ஆண்டுகள் ஏற்ற போக்குவரத்து இலாகா, முன்போல் அந்நிபந்தனைகளை விதிக்க முன்வரவில்லை. எனவே, தொழிலாளர் தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டதே அவருக்குக் காப்பாயிற்று. ஒப்பந்தம் இல்லாதவருக்குக் காப்பும் இல்லை என்ற நிலை வந்தது.

ஒப்பந்தம் இருந்தவர்களின் கதியைத்தான் பாருங்கள். புகழ்பெற்ற டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்றாம் முறையாகத் திவால் நீதிமன்றத்தை நாடியது. அதன் உடைமைகளை வாங்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முன்வந்தது. வாங்கப்படும் கம்பெனி விமானிகளின் ஒப்பந்தத்தில் நியாயமான இணைப்புக்கும் நடுவர் தீர்ப்புக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது. அவ்வுரிமையைக் கைவிட்டாலன்றி வாங்குதல் நிறைவேறாது என்று அவர்களிடம் கூறப்பட்டது. கம்பெனியே மறைந்துவிடுமோ என்னும் அச்சத்தில் அவர்களுடைய சங்கத் தலைவர்கள் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தனர். பின்னர் வகுக்கப்பட்ட பட்டியலில், ஏறத்தாழ 2,300 விமானிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் அடியில் சேர்க்கப்பட்டனர். விமானப் பணிப்பெண்களும் ஆண் பணியாளரும் ஒருவர் விடாமல் அடியில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத் தாக்குதல்களுக்குப்பின் விமானப் பயணம் குறைந்து ஆட்குறைப்பு தொடங்கியது. அடியில் இருந்தவர்களே முதலில் வெளியேறினர். பல்லாண்டு உழைத்தவர் வீட்டிலிருக்க, சில ஆண்டுகளுக்குமுன் சேர்ந்தவர் வேலையில் இருந்தனர். தம் சங்கம் தமக்காக நேர்மையுடன் வாதாடவில்லை என்று அவ்விமானிகள் தொடுத்த வழக்கில், 2011-இல் ஜூரிகள் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆயினும் இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

அக்கம்பெனியின் தலைமையகம் மிசௌரி மாநிலத்தில் இருந்தது. அம்மாநிலத்தின் செனட்டர்களான கிளேர் மெக்காஸ்கில் அம்மையாரும் கிறிஸ்டபர் பாண்டும் வெவ்வேறு கட்சியைச் சேர்ந்தவர்கள். எனினும் இருவரும் இணைந்து ஒரு சட்டத்திருத்தத்தைக் கொணர்ந்தனர். அது 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டமாயிற்று. 1972-ஆம் ஆண்டு நிபந்தனைகளின் மூன்றாம் பிரிவும் பதின்மூன்றாம் பிரிவும் இனி எல்லா விமானக் கம்பெனி இணைப்புகளிலும் செல்லும் என்பதே அதன் சாரம். இருதரப்பாரும் ஒரே சங்கத்தில் இருப்பின், அச்சங்கத்தின் சொந்த விதிகளே பின்பற்றப்படும்.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். சங்கமும் ஒப்பந்தமும் இல்லாத விமானிக்கு இச்சட்டம் பயன்படுமா? பயன்படும். ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்வகுப்பில் நிரந்தரமாகப் பணிபுரிபவர் எவரும் இதன் நிழலில் வருவர். சங்க உறுப்பினராயிருக்க வேண்டும் என்ற விதி இதில் இல்லை. ஆகவே, அவரைப் பட்டியலின் அடியில் ஒரேயடியாகத் தள்ளிவிட இயலாது.

ஆனால், நண்பர்களே, இக்காப்பின் எல்லையையும் அறியவேண்டும். பழைய நிபந்தனைகளுள் இரண்டு பிரிவுகள் மட்டுமே உயிர்பெற்றன. வேலை இழந்தவருக்கு உதவித்தொகை அளிக்கும் பிரிவுகள் சட்டத்தில் இடம்பெறவில்லை. வரிசையில் நியாயமான இடம் கிடைக்கும். ஆனால் வரிசையில் நிற்போர் அனைவருக்கும் வேலை உண்டு என்ற உறுதி கிடைக்காது. ஊதியம் குறையாது என்பதற்கோ, ஊர் மாறவேண்டியதில்லை என்பதற்கோ உறுதியில்லை. ஒப்பந்தம் இல்லாதவரைக் காரணம் காட்டாமலே பணியினின்று நீக்கலாம் என்பது அந்நாட்டின் பொதுவிதி. மேலும், நடுவர் முன் வாதாட வழக்கறிஞரும் கணக்கறிந்தவரும் வேண்டும். சங்கமுடையவர்க்கு அதற்கான நிதி உண்டு. சங்கமற்றவர் தாமே கூடிக் குழு அமைத்துப் பொருள் திரட்டவேண்டும்.

2000-இல் பறக்கத் தொடங்கிய ஜெட்புளூ கம்பெனியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அதன் விமானிகள் ஒவ்வொருவரும் கம்பெனியுடன் தனித்தனியே உடன்படிக்கை செய்திருந்தனர். 2009-இலும் 2011-இலும் வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் வேண்டாம் என்றனர். 2014-இல் சங்கம் வேண்டும் என்று வாக்களித்தனர்.

சங்கம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சுமுகமாக முடியும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2005-இல் யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. இருதரப்பு விமானிகளும் ஒரே சங்கத்தினர். 2007-இல் நடுவர் அளித்த தீர்ப்பை ஒருசாரார் ஏற்க மறுத்தனர். 2008-இல் பழைய சங்கத்தையே அகற்றிப் புதியதொன்றை அமைத்தனர். பூசல் பல ஆண்டு நீடித்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? அரசாங்கத்தின் ஆணை ஒரு காப்பு. ஆணையிடும் வாரியம் கலைந்தால் அதுவும் கலையும். ஒப்பந்தம் ஒரு காப்பு. நெருக்கடியில் அதைக் கைவிடுமாறு நிர்ப்பந்திக்கக்கூடும். சட்டம் ஒரு காப்பு. அது எழுதப்பட்ட அளவுக்கே காக்கும். ஒவ்வொன்றும் மற்றொன்றின் குறையை ஓரளவு நிரப்புகிறது. நாளை நீங்களும் ஏதேனும் ஒரு பணியில் அமர்வீர்கள். அன்று உங்கள் உழைப்பைக் காப்பது எது, அதன் எல்லை எதுவரை என்பதை இணைப்பும் பிரிவும் வருவதற்கு முன்பே படித்தறிந்து கொள்ளுங்கள். வந்தபின் படிப்பதற்கு அவகாசம் இராது.