எழுதிய பேனை: யாழ்ப்பாணத்துப் பரீட்சை ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவரின் ஆங்கிலக் கொப்பியைப் புரட்டினால் மூன்று வகை வேலைகளைக் காணலாம். கடந்தகால வினாத்தாள்களின் வாசிப்புப் பகுதிகளும் அவற்றின் விடைகளும் ஒன்று. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரேயொரு தமிழ்ப் பொருள் என நீளும் சொற்பட்டியல் மற்றொன்று. மூன்றாவது, வெற்றிடம் நிரப்பும் இலக்கணப் பயிற்சி. இவை எல்லாம் வெறும் மனப்பாடம், பிள்ளைகளைப் பேச வைத்தால் மொழி தானாக வரும் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பரீட்சைக்காகப் பயில்வதில் குற்றமில்லை. அதே பிள்ளை அதே பாடசாலையில், சிலவேளை அடுத்த பாடவேளையிலேயே, கற்கும் தமிழ் இலக்கணத்தை அந்தப் பயிற்சிக்குள் நுழைய விடாததுதான் குற்றம்.

யாழ்ப்பாண ஆங்கில வகுப்பறையைப் பற்றி மிகுந்த கவனத்தோடு எழுதியவர் சுரேஷ் கனகராஜா. 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், அங்குள்ள முதலாம் ஆண்டுக் கலைப்பீட மாணவரின் ஆங்கில வகுப்பை ஆராய்ந்து 1993இல் கட்டுரையாகவும் 1999இல் நூலின் பகுதியாகவும் வெளியிட்டார். போரினால் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அரிதாகி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம் அது. அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் ஓரங்களில் மாணவர்கள் படம் வரைந்தார்கள். சினிமாவையும் காதலையும் போராட்டத்தையும் பற்றிக் கிறுக்கினார்கள். அந்நூலின் உலகம் அவர்களுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் உரையாடற் பயிற்சியை ஒதுக்கி, பரீட்சைக்கு உதவும் இலக்கணத்தைத் தாருங்கள் என்று கேட்டவர்களும் அவர்களே. எதிர்ப்பும் இணக்கமும் ஒரே மனத்தில் கலந்து கிடப்பதைக் கனகராஜா இதில் கண்டார். நான் இன்னொன்றையும் காண்கிறேன். நன்னூல் வழியில் வந்த இலக்கணத்தைப் பள்ளியில் கற்ற ஒருவருக்கு மொழியை அறிதல் என்பதே அதன் அமைப்பை அறிதல்தான். இலக்கணம் கேட்ட மாணவர் சோம்பேறி அல்லர். தமக்குப் பழக்கமான அறிவுமுறையைக் கேட்டார்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர்கள் ஆங்கில வகுப்பில் தமிழைக் கலந்து பேசுவது பற்றி 1995இல் அவர் எழுதிய கட்டுரையும் முக்கியமானது. வகுப்பை நடத்தவும் பாடத்தை விளக்கவும் தமிழ் பயன்படுவதை அது காட்டியது. ஆனால் அந்தத் தமிழ் வாய்மொழியில் மட்டுமே வருகிறது. பயிற்சித்தாளில் அதற்கு இடமில்லை. ரீச்சர் தமிழில் விளக்கியது மணி அடித்ததும் காற்றோடு போய்விடுகிறது.

இரு மொழிகளுக்கும் இடையிலான இந்தப் பிரிவு குடாநாட்டுக்கு இயல்பானதன்று. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. அங்கு கற்ற சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். ஆங்கிலப் பரீட்சையில் தேறிய அதே தாமோதரம்பிள்ளைதான் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பீற்றர் பேர்சிவலின் மெதடிஸ்ற் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, கலைச்சொற்களையும் உருவாக்கினார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மிஷனரி வின்ஸ்லோவின் பெயரில் 1862இல் வெளிவந்த அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. செமினரி 1855இல் மூடப்பட்டதற்கு அதன் ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்கு உதவாமல் உத்தியோகத்துக்கு வழிவிட்டது என்ற மிஷன் தலைமையின் மதிப்பீடு பெருங்காரணம். பழைய ஆங்கிலக் கல்வி சிலருக்கே கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1945இன் இலவசக் கல்வியும் தாய்மொழிவழிக் கல்வியும் அந்த வேலியை உடைத்தன. ஆனால் ஆங்கிலம் தனிப்பாடமாகச் சுருங்கியபோது இரு மொழிகளுக்கும் இடையே இருந்த கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

அந்தக் கதவைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்பது நன்னூல் விதி: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். பரீட்சை மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். எழுதிய மாணவி, எழுதிய பேனை, எழுதிய மண்டபம், எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கட்டுரை. 'எழுதிய' என்ற ஒரே சொல் இத்தனை உறவுகளையும் எந்த அடையாளமும் இல்லாமல் சுமக்கிறது. ஆங்கிலம் அப்படி விடாது. மாணவிக்கு 'ஹூ', மண்டபத்துக்கு 'வெயர்', நாளுக்கு 'வென்', கட்டுரைக்கு 'விச்' அல்லது 'தற்'. பேனைக்கோ கடைசியில் ஒரு 'வித்' வேண்டும். அதை விட்டு 'த பென் ஷீ றோற்' என்று எழுதும் பிள்ளை, மாணவி பேனையையே எழுதினாள் என்று சொல்லிவிடுகிறது. நான் பார்த்த கொப்பிகளில் இந்தப் பிழை சிவப்புக் கோட்டோடு மட்டும் நிற்கிறது. ஏன் பிழை என்பதற்கான விடையோ அந்தப் பிள்ளையின் தமிழ்ப் பையிலேயே இருக்கிறது. 'பேனை' கருவிப்பொருள், தமிழ் அந்த உறவை மறைக்கும், ஆங்கிலம் அதைச் சொல்லியே தீரும்.

வாசிப்பிலும் இது பயன்படும். தமிழில் அடைமொழி முன்னே வந்து பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் பெயர் முன்னே. அதை விளக்கும் வாக்கியம் பின்னே. நீண்ட வாக்கியத்தில் பிள்ளை தடுமாறுவதற்குச் சொல் தெரியாதது மட்டும் காரணமன்று. பெயரெச்சத்தை எங்கே தேடுவது என்று தெரியாததும் காரணம்.

ஆங்கிலத்தின் 'ஏ'யும் 'த'வும் தமிழில் இல்லை, ஆகவே தமிழ் இங்கே உதவாது என்பார்கள். ஓரளவு உதவும். 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைக் கேட்டவர் எந்தப் புத்தகம் என்பதை ஏற்கெனவே அறிந்திருப்பார். அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு காட்டும் அந்தக் குறிப்பே பெரும்பாலும் 'த' நிற்கும் இடம். எழுவாயில் இந்த உதவி கிடைக்காது. அதற்கு நிறைய வாசிக்கத்தான் வேண்டும்.

வாசிப்பு என்றதும் மனம் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போகிறது. அந்த இழப்புக்குப் பின் பல தலைமுறைகள் வினாத்தாளையே வாசிப்பாகக் கொண்டு வளர்ந்தன. பத்து ஆண்டு வினாத்தாள்களின் வாசிப்புப் பகுதிகளைச் சேர்த்தாலும் மெல்லிய கதைப்புத்தகம் ஒன்றுக்குக் காணாது. துணையின்றி ஒரு பகுதியை நன்கு விளங்கிக்கொள்ள நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவு ஆய்வாளர் போல் நேஷனின் ஆய்வுகள் தரும் அளவு. சொற்பட்டியல் அங்கே கொண்டுசெல்லாது. 'ஹார்ட்' என்றால் கடினம் என்று பாடமாக்கியவர் 'ஹார்ட்லி'யைக் கடினமாக என்றே எழுதுவார்; அதன் பொருள் 'அரிதாக', 'இல்லையென்றே சொல்லத்தக்கதாக' என்பது. இத்தகைய சொல்லை வாக்கியத்தோடு வாசித்து, அந்த வாக்கியத்தை முழுமையாகத் தமிழில் எழுதிப் பார்க்கும்போதே பொருள் பிடிபடும்.

தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது என்ற மறுப்புக்கு இன்றும் செல்வாக்கு உண்டு. தொடக்கத்தில் இருப்பவர் எப்படியும் தமிழில்தான் யோசிப்பார். அந்த யோசனையைக் கண்ணுக்குத் தெரியும்படி தாளில் இறக்கினால் திருத்தலாம். மொழிபெயர்ப்பைக் கற்பித்தலில் இருந்து துரத்தியதற்கு ஆய்வாதாரம் மிகக் குறைவு என்று மொழியியலாளர் கை குக் 2010இல் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். நாள் முழுதும் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பரீட்சை நாளில் நேரம் போதாது. அதற்குள் கை பழகிவிட வேண்டும்.

பரீட்சையின் அமைப்பும் கவனத்துக்குரியது. உயர்தரத்துக்குச் செல்லப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். அவற்றுள் ஆங்கிலம் கட்டாயமன்று. உயர்தரப் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசற் புள்ளியில் சேராது. ஆகவே சாதாரண தரத்தில் முப்பத்தைந்து புள்ளி எடுத்தால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததும் அதே ஆங்கிலம் எதிரே வருகிறது. தென்னிலங்கை மாணவர் அதைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

மாற்றத்துக்குப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. தரம் 10இல் தமிழாசிரியர் பெயரெச்சம் நடத்தும் வாரத்தில் ஆங்கில ஆசிரியரும் அதே ஆறு பெயர்களைக் கரும்பலகையில் எழுதட்டும். கடந்தகால வினாத்தாளின் வாசிப்புப் பகுதியிலிருந்து பெயருக்குப் பின்னே வரும் அடைவாக்கியம் கொண்ட வரிகளைப் பிள்ளைகள் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தமிழில் எழுதி, பக்கத்தில் அது செய்பவனா, கருவியா, நிலமா என்று குறிக்க வேண்டும். பிறகு ஆங்கில வரியை மூடிவைத்துத் தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் 'வித்' விடுபட்டது என்று தாங்களே கண்டுபிடிக்கலாம். இதற்கு ஒரு பாடவேளை போதும்.